ஊசிப்புல் காலத்தில் நாயும் பூனையும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கவனிக்க வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்ததும் கரட்டு ஓரம், ஏரிக்கரை, தரிசு, மாந்தோப்பு எல்லாம் பழுப்பேறத் தொடங்கும். மாசி, பங்குனியில் ஊசிப்புல்லின் கதிர் நன்றாகக் காய்ந்து, தொட்டால் உதிரும் பதத்துக்கு வந்துவிடும். கோடை மழை நாலு பெய்து புதுப் புல் தழைக்கும்வரை, சுமாராக வைகாசி முடியும்வரை, நாய்க்கும் பூனைக்கும் இந்தப் புல்லால் தொல்லைதான். இந்த மாதங்களில் திடீரென்று தலையை உதறுகிற நாய், ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நிற்கிற நாய், ஒரே காலின் விரலிடுக்கை விடாமல் நக்குகிற நாய் எதைப் பார்த்தாலும் முதல் சந்தேகம் புல் மேல் போக வேண்டும். உண்ணி, சொறி, அடிபட்டது என்பதெல்லாம் அதற்கடுத்து.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோரத்தில் ஆட்டு மந்தையோடு போகும் நாட்டு நாய்க்கு முடி குட்டை, காதும் விறைப்பு. புல் ஒட்டினாலும் பாதி தானே உதிர்ந்துவிடும். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி மாந்தோப்பில் காவலுக்குக் கட்டியிருக்கும் நாயும் பெரும்பாலும் இதே ரகம். ஓசூர், தருமபுரி டவுனில் வளர்க்கும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஸ்பிட்ஸ், ஷிட்ஸு இவற்றின் கதை வேறு. தொங்கும் காது, விரலிடுக்கில் பஞ்சு மாதிரி முடி, வயிற்றடியில் நீள ரோமம் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்கும். இவற்றைக் காலையில் லேஅவுட் காலி மனையில் அவிழ்த்து விடுகிறார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே இடுப்பளவு காய்ந்து நிற்கும் அந்த மனையில்தான் ஊசிப்புல் இருக்கிறது. காட்டுக்குப் போகாத நாய்க்குப் புல் எங்கிருந்து ஏறியது என்று கேட்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

புல்லை அடையாளம் தெரிந்துகொள்வது முக்கியம். ஊசிப்புல் முழங்கால் உயரமோ இடுப்புயரமோ வளரும், கதிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். காய்ந்ததும் கதிரின் கருஞ்சிவப்பு வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நுனியில் கொத்தாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே அந்தச் சடை தெரியும். அதிலிருந்து ஒரு விதையை மட்டும் இழுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடியில் ஊசிமுனை. அந்த முனையைச் சுற்றிச் செம்பழுப்பில் குட்டை மயிர், எல்லாம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மேலே 5 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு முறுக்கேறிய வால், நடுவில் முழங்கை போல ஒரு மடக்கு. வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், கொஞ்ச நேரத்தில் முறுக்கு அவிழ ஆரம்பித்து மடக்குக்கு மேலே இருக்கும் பகுதி கடிகார முள் மாதிரி சுற்றுவதைப் பார்க்கலாம். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்போது விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. நாயின் தோலும் அதற்கு மண்தான். பின்னோக்கிய மயிர் இருப்பதால் முன்னால் மட்டும் நகரும், பின்னால் வராது. இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு குணமே காரணம்.

முடிக்குள் சிக்கியதும் நீள வால் ஒடிந்து விழுந்துவிடும். அரை செ.மீ. அளவுள்ள கூர்ப்பகுதி மட்டும் உள்ளே நிற்கும். "வெளியே ஒண்ணும் தெரியலையே" என்று எல்லாரும் சொல்வது இதனால்.

விளக்குமாறு கட்டும் துடைப்பப் புல்லின் விதைக்கு மூன்று வால். கூர் சன்னமாக இருந்தாலும் வேலை அதேதான். ஒட்டுப்புல் காலைச் சுற்றி ஒட்டும், கம்பளி, சாக்ஸ் எல்லாவற்றிலும் ஏறும், விரலிடுக்கிலும் குத்தும். நாயுருவி மணி ரோமத்தில் கொத்தாகச் சிக்கிச் சடையாக்கும், காதுக்குள்ளும் போகும். நெருஞ்சி முள் பாதத்தில் குத்தி நொண்ட வைக்கும், ஆனால் அது உள்ளே பயணம் போவதில்லை, பிடுங்கினால் தீர்ந்தது. சாலையோரம் ஊதா நிறத்தில் ஆடும் மயில்கொண்டைப் புல்லைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அருகம்புல்லுக்குக் கூர் கிடையாது, நாய் அதை மேய்ந்தால் மேயட்டும்.

நாய் உடம்பெல்லாம் புல்லோடு வந்தால் வீட்டில் முதலில் செய்வது குழாயடிக்குக் கூட்டிப் போய்க் குளிப்பாட்டுவது. இது கூடாது. தண்ணீர் பட்டதும் வால் அவிழும், வெயிலில் காயும்போது மறுபடி முறுக்கும். ரோமத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த விதைக்கு நாமே திருகு கொடுத்தாகிவிடும். உலர்ந்த முடியில் சீவி எடுத்து முடித்த பிறகுதான் தண்ணீர். கோடை மழையில் நனைந்து வந்த நாயானால் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு அப்போதே சீவ ஆரம்பியுங்கள். தேய்ப்பதும் விதையை உள்ளே தள்ளும்.

சீவுவதற்கு உலோகப் பல் உள்ள சீப்பு இரண்டு வேண்டும், ஒன்று அகலப் பல், ஒன்று பேன் சீப்பு மாதிரி நெருக்கம். அதோடு முனை மழுங்கிய ட்வீசர், சின்ன டார்ச், மெடிக்கல் கடையில் கிடைக்கும் 100 மி.லி. நார்மல் சலைன் பாட்டில், காஸ் துணி, நாய் புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புக் காலர். இவ்வளவும் ஒரு டப்பாவில் வாசற்படிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பீரோவுக்குள் வைத்தால் மூன்றாம் நாளே சோதிப்பதை விட்டுவிடுவோம்.

நாயை வெள்ளைத் துணி மேல் நிறுத்துங்கள், உதிர்வது கண்ணுக்குத் தெரியும். முகத்திலிருந்து தொடங்கி வாலில் முடியுங்கள். வரிசையை மாற்றாமல் செய்தால் எந்த இடமும் விட்டுப் போகாது. கண் இமை ஓரம், உதட்டு மடிப்பு, காது மடலின் உள்பக்கம், காதுக்குக் கீழே கழுத்து மடிப்பு, காலர் பட்டைக்கு அடி, அக்குள், மார்பு, வயிற்றடி, தொடையிடுக்கு, ஆண் நாயின் குறித் தோல், பெட்டை நாயின் பிறப்புறுப்பு மடிப்பு, ஆசனவாய் ஓரம், வாலின் அடி. கண்ணை நம்புவதைவிட விரல் நுனியை நம்புங்கள். முடியின் போக்குக்கு எதிராக விரலை ஓட்டினால் கூர் உரசும். விதை அகப்பட்டால் அதன் அடியை, தோலுக்குப் பக்கத்தில் பிடித்து, அது நுழைந்த கோணத்திலேயே நேராக இழுக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுத்தால் வால் கையோடு வரும், கூர் உள்ளேயே நிற்கும். வெளியே வந்த விதையின் முனை முழுசாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் பழகிவிட்டால் இத்தனைக்கும் 5 நிமிடம், அடர்ந்த ரோமம் என்றால் 15 நிமிடம்.

கால்தான் அதிகம் மாட்டும் இடம், அதனால் அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி ஒவ்வொரு விரலையும் பிரித்து, மேல்பக்கம் ஒரு முறை, பிறகு திருப்பி அடிப்பக்கம் ஒரு முறை பார்க்க வேண்டும். புல் பெரும்பாலும் இரு விரலை இணைக்கும் சவ்வில் ஏறும். உள்பக்கம் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி விரலின் மடிப்பையும் விட்டுவிடாதீர்கள். முதல் நாள் ஒரு சிவந்த புள்ளியும் நக்கலும் மட்டும் இருக்கும். அடுத்த சில நாளில் பட்டாணி அளவுக்கு வீக்கம், பளபளவென்று. பிறகு அது உடைந்து சிறு துளை விழுந்து, இரத்தம் கலந்த நீர் கசியும். உடைந்ததும் வலி குறைந்து நாய் நொண்டாமல் நடக்கும். ஆறிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். துளை மூடும், திரும்ப வீங்கும், கொஞ்சம் மேலே தள்ளி இன்னொரு இடத்தில் உடையும். விதை பாதத்திலிருந்து காலுக்குள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விதையின் நுனி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் வீட்டில் எடுக்கலாம். தெரியாமல் ட்வீசரை விட்டுத் துழாவினால் விதை உடையும், இல்லாவிட்டால் ஆழம் போகும். வீங்கியிருக்கிறது ஆனால் நுனி தெரியவில்லை என்றால், டாக்டரிடம் போகும்வரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை முக்கி வைக்கலாம். கொதித்து ஆறிய 500 மி.லி. தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம். கல் உப்பானால் பொடித்துப் போடுங்கள். உங்கள் மணிக்கட்டில் ஊற்றினால் சுடக் கூடாது. ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பிறகு விரலிடுக்கை நன்றாக ஒற்றித் துடைத்து, கூம்புக் காலரை மாட்டிவிட வேண்டும். நாக்கு படாமல் இருந்தாலே பாதி வீக்கம் அடங்கும். இது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைத்தியம், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பற்றுப் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. மேல்தோல் கீறலுக்குச் சரி. உள்ளே விதை இருக்கும் துளைக்கு மேல் பற்றுப் போட்டால் வாய் மூடிக்கொள்ளும், சீழ் வெளியே வராமல் உள்ளே பரவும். துளை திறந்திருப்பது நமக்கு நல்லது. ஆனால் திறந்த துளையில் ஈ உட்காரும், கோடையில் புழு வைக்க அதிக நேரம் பிடிக்காது. அதனால் காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு வைத்துவிட்டால் பாச்சா உருண்டையை நுணுக்கித் திணிப்பது, டர்பன்டைன் ஊற்றுவது இரண்டும் நாய் நக்கினால் விஷம். கால்நடை மருந்துக் கடையில் புழுப் புண்ணுக்கென்றே ஸ்பிரே இருக்கிறது, டாக்டர் சொல்வதை வாங்கி அடியுங்கள்.

அடுத்து காது. நடந்து வந்த நாய் சட்டென்று நின்று தலையை உதறும், ஒரு பக்கமாகச் சாய்க்கும், காலால் காதைப் பிராண்டும், தொட்டால் கத்தும். காலையில் நன்றாக இருந்த நாய்க்கு மதியம் ஒரே ஒரு காதில் இப்படி என்றால் புல்தான். இரண்டு காதும் பல நாளாக அரித்து, கருப்பு அழுக்கும் நாற்றமும் இருந்தால் அது பூச்சி அல்லது பூஞ்சை, வைத்தியம் வேறு. நாயின் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கித் திரும்பும். நம் டார்ச் வெளிச்சம் அந்தத் திருப்பம் வரைக்கும்தான் போகும். விதை திருப்பத்துக்கு அப்பால், செவிப்பறைக்குப் பக்கத்தில் கிடக்கும். பஞ்சுக் குச்சி விட்டால் இன்னும் தள்ளிவிடுவோம்.

"கொஞ்சம் தேங்கெண்ணெ காய்ச்சி ஊத்துங்க, மெதந்து வந்துடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மிதந்து வராது, பின்னோக்கிய மயிர் விடாது. விதை ஏற்கெனவே செவிப்பறையைக் குத்தியிருந்தால் ஊற்றியது நடுக்காதுக்குள் போகும். பல காது சொட்டு மருந்துகளும் செவிப்பறை ஓட்டையானால் கேடு செய்பவை. எனவே டாக்டர் கருவி வைத்துப் பார்க்கும்வரை காதில் எதுவுமே விடக் கூடாது. காதைத் தலையோடு சேர்த்துத் தளர்வாகத் துணி கட்டி, உதறாமல் பார்த்துக்கொண்டு கூட்டிப் போங்கள். உதறி உதறி மடலில் இரத்தம் கட்டிவிட்டால் அது தனி அறுவை. அமைதியான நாய்க்கு டாக்டர் நீள இடுக்கியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார், மிரளும் நாய்க்கு மயக்க ஊசி தேவைப்படும். ஒரு காதில் கிடைத்தால் மறு காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணில் விழுந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. விதை மூக்கோர மூலையில் இருக்கும் மூன்றாவது இமைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கருவிழியைச் சுரண்டும். கண்ணீர், வெளிச்சத்துக்குக் கூசுவது, வீக்கம், பிறகு பச்சையும் மஞ்சளுமாகப் பீளை. செய்யக்கூடியது நார்மல் சலைனைச் சாய்வாகத் தாராளமாக விட்டுக் கழுவுவது மட்டும். கழுவியதில் விதை இமையோரம் வந்தால் ஈரக் காஸ் துணியின் முனையால் ஒற்றி எடுக்கலாம். விதை விழியில் குத்தி நின்றால் தொடவே கூடாது. வீட்டில் யாருக்கோ வாங்கி மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தைத் தேடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், கருவிழியில் கீறல் இருக்கும்போது அதை விட்டால் கண்ணே போகலாம். டாக்டர் ஒரு சாயம் விட்டுப் பார்ப்பார், கீறல் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். பூனைக்கு அதிகம் ஆபத்தாவது இந்தக் கண்தான். புதருக்குள் முகத்தை நுழைத்து எலி, ஓணான் பிடிக்கிற பிராணி அது.

மூக்கில் ஏறினால் தும்மல். நிறுத்தாமல் அடுக்கடுக்காக, மூக்குத் தரையில் இடிக்கும் அளவுக்குத் தும்மும், ஒரு துளையில் கொஞ்சம் இரத்தம் வரும். ஒரு நாளில் தும்மல் அடங்கிவிடும், நாம் விட்டுவிடுவோம், சில வாரம் கழித்து அதே துளையில் சளி, நாற்றம். இங்கே ஒரு குழப்பம் வரும். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சகஜம், அதிலும் மூக்கில் இரத்தம் வரும். தும்மலே இல்லாமல் சொட்டுச் சொட்டாக இரத்தம், கூடவே காய்ச்சல், சோர்வு, தீனி எடுக்காமை, ஈறு வெளிறுவது இவை இருந்தால் புல்லைத் தேடி நேரம் கடத்தாமல் அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

வாயில் சிக்குவதும் உண்டு. ஈறு, நாக்கின் அடி, தொண்டைச் சதை. பூனைகள் புல்லை மென்று தின்னும்போது இலைத் துண்டு மேலண்ணத்துக்குப் பின்னால் மடிந்து நின்றுவிடும், எச்சிலை விழுங்கி விழுங்கிக் கமறும். ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எச்சில் ஒழுகி, வாய் மூட முடியாமல், தொண்டையில் எதுவோ மாட்டியது போல நிற்கும் நாயின் வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோய் வந்த நாயும் இப்படி நிற்கலாம். எலும்பு மாட்டியிருக்கிறது என்று கையை விடுவதுதான் மனிதர்கள் செய்யும் பெரிய தப்பு. தடுப்பூசி போட்ட உங்கள் நாயே ஆனாலும் டாக்டர் பார்க்கட்டும். கடியோ எச்சில் பட்ட கீறலோ இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும், சோதிக்கும் முன் வாயைக் கட்டுவது நல்லது. நீளத் துணியில் ஒரு சுருக்குப் போட்டு மூக்குத்தண்டின் மேல் மாட்டி, தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுவந்து, காதுக்குப் பின்னால் அவிழ்க்க வசதியான முடிச்சு. வெயிலில் நாய்க்கு வாய்வழியாக மூச்சிரைத்தால்தான் சூடு தணியும், எனவே ஓரிரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. பக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும் கட்டவே கூடாது.

இவ்வளவு நேரம் சொன்னது கண்ணில் படுகிற இடங்கள். வாயைத் திறந்துகொண்டு புதருக்குள் ஓடும் நாய் விதையை மூச்சோடு இழுத்துவிட்டால் அது நுரையீரல் வழியாக நகர்ந்து போகும். முதல் நாள் இருமல், பிறகு ஒன்றுமில்லை, வாரங்கள் கழித்துக் காய்ச்சல், மெலிவு, விலா ஓரத்திலோ இடுப்புக்குப் பக்கத்திலோ ஒரு கட்டி. எக்ஸ்ரேயில் புல் தெரியாது, அது காய்ந்த தாவரம்தானே. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் புல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சீழ்க்கட்டிக்குள் விதை கிடந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பல நேரம் அகப்படும், நெஞ்சுக்குள் என்றால் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம்.

நாய் வளர்ப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு குறிப்பு: ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கி, நிறுத்தியதும் அதே இடத்தில் திரும்ப வரும் புண்ணுக்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. மருந்து கிருமியைக் குறைக்கும், விதையைக் கரைக்காது. இரண்டாம் முறை வந்தபோதே "இதுக்குள்ள புல்லு இருக்குமா, திறந்து பார்த்துடலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். மூன்றாவது கோர்ஸ் மாத்திரைக்குக் கொடுக்கும் காசில் அந்தத் துளையைத் திறந்தே பார்த்துவிடலாம்.

வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டெட்டால் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

டாக்டரிடம் போகும்போது எந்த நாள், எந்த இடத்தில் நடந்தது, அங்கே என்ன புல், எந்தப் பக்கக் காது, முதலில் என்ன செய்தது என்பதைச் சொல்லுங்கள். அந்தப் புல்லிலேயே ஒரு கதிரைக் கவரில் போட்டு எடுத்துப் போனால் என்ன அளவில் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மயக்கம் கொடுக்க வாய்ப்பிருப்பதால் வளர்ந்த நாய்க்குக் காலைத் தீனி போடாமல் போவது நல்லது, எத்தனை மணி நேரம் என்பதை முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் கேட்காமல் பட்டினி போடக் கூடாது. கால், காது எல்லாம் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்திலேயே முடியும். நெஞ்சு, இடுப்புக் கட்டி போன்ற சிக்கலுக்குத் தருமபுரிக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், ஓசூர்க்காரர்கள் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கும் கல்லூரிக்கும் போகலாம்.

புல்லை அறுப்பதில் நேரம்தான் விஷயம். கதிர் உறைக்குள் இருக்கும்போதோ, பச்சையாகத் தலை நீட்டும்போதோ, ஐப்பசி கார்த்திகையில் அறுத்தால் மாட்டுத் தீவனமாகவும் ஆகும், விதையும் விழாது. மாசியில், காய்ந்த பிறகு பிரஷ் கட்டர் ஓட்டினால் தோப்பெல்லாம் விதையைத் தூவியதுதான் மிச்சம். அப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காலைப் பனி ஈரம் இருக்கும்போதே கை அரிவாளால் அறுத்து, தார்ப்பாயில் போட்டு வெளியே எடுங்கள். இரண்டு வாரத்துக்கு நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். தீ வைப்பது கரட்டோரத்தில் வழக்கமாக இருக்கிறது. காப்புக்காட்டுப் பக்கம் அது குற்றம் என்பது ஒரு புறம், ஊசிப்புல் தீயால் சாவதும் இல்லை. விதை மண்ணுக்குள் திருகிக்கொண்டு பத்திரமாக இருக்கும், தூரும் மழை பெய்ததும் தழைக்கும், போட்டிப் புல் கருகிப் போனதால் அடுத்த வருஷம் முன்னைவிட அடர்த்தியாக வரும்.

தோப்பு முழுவதையும் சுத்தம் செய்ய முடியாது. நாய் கட்டும் இடத்தைச் சுற்றிச் சங்கிலி நீளத்துக்கு மேல் ஒரு மீட்டர், நடைபாதையின் இரு பக்கமும் ஒரு மீட்டர், அவ்வளவு போதும். படுக்கைக்கு வைக்கோல் போடும் பழக்கம் இருந்தால் நெல் வைக்கோலை விடக் கேழ்வரகுத் தாள் நல்லது, அதில் சுணை குறைவு. இரண்டிலும் அறுவடையில் சேர்ந்து வந்த களைப்புல் கதிர் இருக்கும், உதறிப் போடுங்கள். பழைய சாக்கு எதையும் விடப் பாதுகாப்பு. கம்பு அடித்த களத்தில் பொட்டு, அதாவது உமி, பறக்கும் நாளில் நாயை விட வேண்டாம்.

முடி விஷயத்தில் மொட்டை அடிக்கத் தேவையில்லை, வெயிலில் தோல் கருகும். விரலிடுக்கு, பாத அடி, காதுக் குழாயின் வாய், அக்குள், வயிற்றடி இந்த இடங்களை மட்டும் தை மாதமே குட்டையாக வெட்டிவிடுங்கள். பாத அடி முடி சதையோடு சமமாக இருக்கட்டும், மற்ற இடத்தில் ஒரு செ.மீ. இருக்கலாம். கத்தரியின் முனை மழுங்கலாக வேண்டும், சடையைத் தோலோரம் கத்தரிக்காமல் சீப்பை நடுவில் கொடுத்து வெட்டுங்கள். நாய்க்கு விற்கும் சாக்ஸ், ஷூ பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மேல் விளிம்பு வழியாக விதை உள்ளே இறங்கினால் நடக்க நடக்க அதுவே குத்தித் தள்ளும், பாதமும் வேகும்.

ஆடு மாடு வைத்திருப்போருக்கு இது புதிதில்லை. மந்தையில் மேச்சேரி ஆட்டின் தோலில் ஊசிப்புல் ஏறினால் உரித்த தோலில் ஓட்டை விழுந்து விலை குறையும். கன்றின் கண்ணில் விழுந்தால் மேலே நாய்க்குச் சொன்ன சலைன் கழுவலையே செய்து, கால்நடை உதவிக்கு 1962 எண்ணை அழைக்கலாம். ஆடு புல்லோடு விதையையும் மென்று உதடு, ஈறு புண்ணாகும். தீனி எடுக்காத ஆட்டுக்கு வாயைத் திறந்து பாருங்கள்.

சீவி எடுத்த விதையை வாசலில் உதறிவிடாதீர்கள், அடுத்த மழைக்கு அங்கேயே முளைக்கும். வெள்ளைத் துணியோடு மடித்து எடுத்துப் போய் அடுப்பில் தட்டிவிடுங்கள். கேஸ் அடுப்பு வீடானால் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி இறுக்கிக் குப்பையில் சேர்க்கலாம், கவரில் போட்டால் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.